நல்லையா கங்காணியின் நடை

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. தானாக ஊற்றெடுத்தது என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். கொழும்பிலிருந்து வரும் ஒரு வார இதழின் ஆசிரியர் பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். உடல்நலச் சிறப்பிதழ் போடப்போகிறார்களாம். வைத்தியர்கள் கட்டுரை தந்துவிட்டார்களாம். நடுவில் ஒரு சிறுகதை வேண்டும். உடற்பயிற்சியைத் தொடங்கிய ஒருவர் பாதியில் கைவிடாமல் தொடர்வது பற்றி, தோட்டப் பின்னணியில், நம்பிக்கையூட்டும் விதமாக.

"வாசிச்சு முடிச்சவுடனே வாசகர் எழும்பி நடக்கச் சப்பாத்தைத் தேட வேணும், டீச்சர்" என்றார்.

சரி என்றேன். கதை கேட்டு என்னை யாரும் அழைத்ததில்லை என்பது ஒரு காரணம். மற்றது, சப்பாத்தைத் தேட வேண்டிய ஆட்களில் நானும் ஒருத்தி. தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். குவார்ட்டர்ஸிலிருந்து வகுப்பறைக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்கிற பாவனையில் மூச்சு வாங்குகிறவள். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எட்டிப் பார்க்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். புது வருடத்தில் ஒரு தடவை, தீபாவளி கழிந்து ஒரு தடவை, என்னைவிட மெலிந்த டீச்சர் ஒருத்திக்குக் கலியாணம் நிச்சயமானபோது ஆத்திரத்தில் ஒரு தடவை நடக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் மழை வந்து என்னைக் காப்பாற்றியது.

இந்தக் கதையைக்கூட நடக்கப் போகாமல் இருப்பதற்காகத்தான் விடியற்காலையில் எழுதுகிறேன். மேசையில் குனிந்திருக்கும் ஒருத்தியை எழும்பி நட என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2

முதல் ஆரம்பம்:

பனி மூடிய தேயிலை மலையின் நடுவே, ஒற்றையடிப் பாதையில்—

வேண்டாம். எங்களுடையது றப்பர் தோட்டம். கேகாலை மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் பனியைவிடக் கடிக்கிற நுளம்புதான் அதிகம். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தோட்டம் என்றாலே தேயிலையும் கூடையும்தான். ஆசிரியர் எப்படியும் அந்தப் படத்தைத்தான் போடுவார், அதற்கு நானும் துணைபோக வேண்டியதில்லை.

இரண்டாவது ஆரம்பம்:

நல்லையா கங்காணி ஒருநாள் நடப்பதென்று தீர்மானித்தார்.

இது உண்மை. ஆனால் தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் வாசித்துக் காட்டினால் சிரிப்பார்கள். விடியும் முன்னே மரத்தடிக்கு நடந்து, மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்து, அது முடிந்து விறகுக்கும் நடக்கிற சனம் இது. இவர்கள் நடுவில் ஒருவர் காரியமே இல்லாமல் நடந்தார் என்றால், அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நினைத்தார்கள்.

(ஆசிரியருக்கு: உங்கள் வைத்தியர்கள் "அன்றாட வேலைகளுக்கு அப்பால் சிறிது நேரத்தை உடலுக்காக ஒதுக்குங்கள்" என்று எழுதியிருப்பார்கள். அவர்களை ஒருநாள் இங்கே அனுப்பி வையுங்கள்.)

3

உண்மையான ஆரம்பம் கிளினிக் வாங்கில் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சீனி கிளினிக். நல்லையா கங்காணியும் நானும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே வாங்கில் உட்கார்ந்து காத்திருப்போம். 2007ஆம் ஆண்டின் கடைசி அது.

அவர் முன்பு மலையில், என்றால் றப்பர் மரங்களுக்குள், நின்ற கங்காணி. பால் வெட்டுகிற ஆட்களின் பின்னால் போய், வெட்டு ஆழமாகிவிட்டதா, பட்டை காயப்பட்டதா என்று மரம் மரமாகப் பார்ப்பது அவருடைய வேலை. வயது போனதும் ஸ்டோரில் பால் நிறுக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தார், உடம்பு வைத்தது, சீனி ஏறியது. ஒரு முள் குத்திய புண் ஆறாமல் இடது காலின் சுண்டுவிரலை எடுத்தார்கள். அந்தக் கிளினிக் நாளில் டொக்டர் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: சீனி இப்படியே இருந்தால் அடுத்த தடவை விரலோடு நிற்காது, கால் போகும். மருந்துக் குளிசை, சாப்பாடு, அதோடு ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும்.

வெளியே வந்தபோது மருந்து கொடுக்கிற மிஸ் சிங்களத்தில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். எல்லாரும் இங்கே தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நடப்பார்கள், அதோடு சரி என்று. அந்த மிஸ் என்னையும் பார்த்துத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கங்காணிக்கு ரோஷம் வந்தது.

"என்னையும் மத்தவங்க மாதிரி நெனச்சிட்டாங்க, டீச்சர்" என்றார்.

* இந்த இடத்தில் நல்லையாவைப் பெண்ணாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு பெண் விடியற்காலையில் தனியாக, எங்கேயும் போகாமல், பெரிய ரோட்டில் நடக்கிறாள். இரண்டாவது பந்தியிலேயே கதை முடிந்துவிட்டது. ஊர் வாயே அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடும், அதற்குத் துவக்கோடு ஒரு சிப்பாய் தேவையில்லை. ஆகவே ஆணாகவே விட்டுவிட்டேன்.

4

ஊக்கம் என்று பத்திரிகைகள் எழுதுகிற சாமான் அவரிடம் எப்படி இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் எழுதத் தகுந்த ஒரே விஷயம்.

மலையில் கங்காணிமாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு நாளில் எல்லா மரத்தையும் பார்த்து முடிக்க இயலாது. விட்ட இடம் தெரிய வேண்டும் என்பதற்காக, கடைசியாகப் பார்த்த மரத்தில் மஞ்சள் பெயின்டால் விரலளவு ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வருவார்கள். மறுநாள் அந்தக் குறியிலிருந்து தொடங்குவார்கள். குறி போட்ட மரத்திலிருந்து பின்னோக்கிப் போய் மறுபடி வேலை பார்ப்பது கங்காணிக்குக் கேவலம்.

அவர் அதையே ரோட்டுக்குக் கொண்டுபோனார். தோட்டத்து வாசலிலிருந்து ரம்புக்கனைக்குப் போகிற ரோட்டில் நடந்தார். களைத்த இடத்தில் நின்று, பக்கத்தில் இருந்த லைட் கம்பத்தில் மஞ்சள் இழுப்பு ஒன்று போட்டார். மறுநாள் அந்தக் கம்பத்தைத் தாண்டாமல் திரும்புவதில்லை. ஒரு கம்பம் கூடினால் போதும். காய்ச்சல் வந்த நாளில்கூட அந்தக் குறி அங்கே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று எழும்பிப் போனார். பழைய மீன் டின் ஒன்றில் கொஞ்சம் பெயின்டும், நுனி நைந்த பிரஷ் ஒன்றும் அவர் சாரத்து மடிப்பில் எப்போதும் இருந்தன.

லயத்தில் பேச்சு கிளம்பியது. வீட்டில் சண்டையா என்று அவர் மனைவி ஜெயம்மாவிடம் கேட்டார்கள். ரம்புக்கனையில் யாரையாவது வைத்திருக்கிறாரா என்று இன்னொருத்தி கேட்டாள். ஜெயம்மா வெட்கத்தில் கொஞ்சநாள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகவில்லை. மனிதர் நிற்கவில்லை. ரம்புக்கனை ஸ்டேஷன் வரைக்கும் கால்நடையாகப் போக வேண்டும், அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்பது அவர் கணக்கு. சீனி போடாமல் குடிப்பேன் என்று என்னிடம் சத்தியம்கூடச் செய்தார்.

சில மாதத்தில் சீனி இறங்கியது. மிஸ் இரத்தப் பரிசோதனைத் துண்டைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி துண்டைப் பார்த்தார். அன்றைக்குத்தான் நல்லையா கங்காணி பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். பொறாமையாக இருந்தது.

ஆசிரியரே, உங்கள் கதை இதோ இங்கேயே முடிந்துவிட்டது. இந்த இடத்தில் கத்தரித்துக்கொள்ளலாம்.

5

இல்லை, கத்தரிக்க விடமாட்டேன்.

ஆனால் அதற்கு முன் ஒரு சந்தேகம். எழுதியதைத் திருப்பி வாசித்தால் நல்லையா நல்ல மனிதராக வந்துவிட்டார். அவ்வளவு நல்லவர் இல்லை. கங்காணியாக இருந்த காலத்தில் பட்டையில் நகமளவு காயம் கண்டாலும் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்லி அரைப்பேர் போடவைத்தவர். அரைநாள் சம்பளத்தை இழந்து அவரைச் சபித்த பெண்கள் இன்னும் அதே லயத்தில் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு பலாமரத்துக்காகப் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. பிடிவாதக்காரர். யார் சொல்லையும் கேட்கமாட்டார்.

(அந்தப் பிடிவாதத்தால்தான் நடந்தார். இரக்கப்படுவதற்காக அவரைத் திருத்தி எழுதினால் நடையும் போய்விடும்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். இந்தப் பக்கத்தில் நாங்கள் எல்லாருமே பேசுவோம், கடைக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது இல்லாமல் முடியாது. சிங்களம் தெரிந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில், ஒரு தமிழனுக்கு இவ்வளவு சிங்களம் எதற்கு என்று, அதுவே இன்னொரு சந்தேகமாக ஆகிவிட்டது.

6

2008. பஸ்ஸிலும் ரயிலிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருடம். ரம்புக்கனை ரோடு ஒரு இடத்தில் ரயில் பாதையை ஒட்டிப் போகும், அங்கே ஒரு சின்ன ரயில் பாலம். பாலத்தடியில் இராணுவக் காவல் போட்டிருந்தார்கள். முதலில் இருந்தவர்கள் கங்காணியை அறிவார்கள். தூரத்திலேயே பார்த்துவிட்டு, சீனி மாமா வருகிறார் என்று சிங்களத்தில் கிண்டல் செய்வார்களாம். பிறகு அவர்களை வடக்கில் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். புதியவர்கள் வந்தார்கள்.

புதியவர்களுக்கு மாமாவைத் தெரியாது. அவர்கள் கண்டது கம்பங்களை. தோட்டத்துப் பக்கமிருந்து கம்பம் கம்பமாக ஒரு மஞ்சள் குறி பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்தச் சிப்பாய் இரக்கமில்லாத ஒரு—

அடித்துவிட்டேன். அவனை எனக்குத் தெரியாது. வயல்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவனாக இருப்பான். அவன் ஊரிலும் உடம்புக்காக யாரும் நடந்திருக்க மாட்டார்கள். அந்தக் குறிகளை நான் அவன் இடத்தில் நின்று பார்த்தாலும் பயந்துதான் இருப்பேன். இப்படி யோசிக்க யோசிக்கக் கோபப்படுவதற்கு ஆள் இல்லாமல் போகிறது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்டார்கள்.

"கொஹேவத் நே. நிக்கங் எவிதினவா" என்றார் கங்காணி. எங்கேயும் இல்லை, சும்மா நடக்கிறேன்.

நாட்டில் யாரும் சொல்லக்கூடாத பதில் அந்த வருடத்தில் அதுதான். சாவுக்குப் போகிறேன், கடைக்குப் போகிறேன், மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள் என்று ஜெயம்மா இன்றைக்கும் சொல்லி அழுகிறாள். சாரத்து மடிப்பை அவிழ்க்கச் சொன்னார்கள். டின்னும் பிரஷும் விழுந்தன.

துரையே பொலிசுக்குப் போனார். இது எங்கள் தோட்டத்துப் பழக்கம், மரங்களில் இப்படித்தான் குறி போடுவோம் என்று விளக்கினார். மரத்தில் போடுங்கள், அரசாங்கத்துக் கம்பத்தில் ஏன் போட்டார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஒரு மனிதன் தன்னைத் தானே தினமும் எழுப்பி நடக்கவைக்க அது தேவைப்பட்டது என்பதை எந்தப் பொலிசில் எந்த மொழியில் சொல்வது?

மழைக்காலத்துக்கு முன் அவரைத் தடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மழை ஓய்ந்து வெகுநாள் கழித்து விடுதலை செய்தார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லித்தான் விட்டார்கள்.

* தடுப்பில் அடித்தார்களா என்று வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். முதல் நாட்களில் இரண்டு அறை விழுந்தது, பிறகு ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்றார். அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது அது இல்லை. அங்கே ஒழுங்காகக் குளிசை கிடைக்கவில்லை. நடக்காமல் இருந்தால் கால் போகும் என்று டொக்டர் சொன்னது மனதில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. செருப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறுங்காலோடு சீமெந்துத் தரையில், சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் தலை சுற்றுகிறது, உட்காருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். சீனி கூடினால் பாதம் மரத்துப்போகும். உள்ளங்கால் தேய்ந்து புண்ணானது அவருக்கு வலிக்கவே இல்லை. தரையில் ஈரமாக இருக்கிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்ததாம்.

7

முடிவுகள்.

முதல் முடிவை ஆசிரியருக்காக எழுதினேன். காவல் மாறவில்லை. பழைய சிப்பாய்கள் பாலத்தடியில் கை காட்டுகிறார்கள். கங்காணி ரம்புக்கனைக்குப் போய்ச் சேர்ந்து, கண்டி ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடி பிளேன்டீ குடிக்கிறார். நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர் போட்டிருப்பார். எழுதி முடித்த தாளை மேசையில் வைத்துவிட்டு நான் அழுதேன்.

இரண்டாவது முடிவில் அவர் விடுதலையாகி வருகிறார். தனியாக நடக்கப் பயம். ஒருநாள் காலை கதவைத் திறந்தால் லயத்து ஆட்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள், கூட நடக்க. பலாமரத்து அயலவர் முன்னால் நிற்கிறார். இதை ஜெயம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்ம லயத்துல யாரு டீச்சர் அப்பிடி வருவா? அவரோட பேசுனா நம்மளையும் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு கதவ சாத்துனவங்க" என்றாள்.

அப்படியென்றால் எப்படி முடிக்கட்டும் என்று கேட்டேன். வாத்தியாரம்மா பிள்ளையிடம் கேட்கிற கேள்வி மாதிரி அது வந்துவிட்டது.

"கதையிலயாச்சும் அவர நடக்க விடுங்க" என்றாள்.

முயன்று பார்த்தேன். சத்தியமாக முயன்றேன். நல்லையா கங்காணி எழும்பி— நல்லையா மெல்ல எழும்பி— விடியற்காலையில் அவர் காலை ஊன்றி—

அவர் காலை ஊன்றக்கூடாது. அதுதான் நடந்தது. விடுதலையாகி வந்த பிறகும் புண் ஆறவில்லை. அதே கிளினிக்கில் அதே டொக்டர், இனி அந்தக் காலைத் தரையிலேயே வைக்காதீர்கள், ஒரு அடிகூட நடக்கக்கூடாது என்று சொன்னார். கங்காணி அந்தச் சொல்லையும் அப்படியே கேட்டார். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண் பாதத்திலிருந்து மேலே ஏறியது.

இந்த வருடம் மே மாதம் சண்டை முடிந்தது. ரம்புக்கனையில் பட்டாசு கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். பாலத்தடியில் காவலை எடுத்துவிட்டார்கள். இப்போது காலை பஸ்ஸில் போனால் அந்த ரோட்டில் சனம் நடக்கிறது. கடை முதலாளிமார், ரிட்டயர்டான உத்தியோகத்து மாத்தயாமார், இரண்டு மூன்று பெண்கள்கூட. கையை வீசிக்கொண்டு, பேசிச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் அவர்களைக் கேட்பதில்லை. அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று எழுதப்போனேன். பொய். பஸ் கண்ணாடியை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

8

ஆசிரியர் மூன்று தடவை கேட்டுவிட்டார். இந்தக் கதை அவருக்குச் சரிவராது என்று தெரியும். இதை வாசித்துவிட்டு ஒருவரும் எழும்பப் போவதில்லை. இருந்தாலும் எழுதத் தொடங்கியதை ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்காக நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

வார்டில் கடைசிக் கட்டில், ஜன்னலோரம். முழங்காலுக்குக் கீழே எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஒப்பரேஷன். ஜெயம்மா சுடுதண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மெலிந்துவிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். செயற்கைக் கால் கொடுக்கிறார்கள், பழகிக்கொண்டால் நடக்கலாம் என்றேன். அவர் அதைக் கேட்டமாதிரித் தெரியவில்லை. வேறொன்றை வெகுநாளாக யோசித்து வைத்திருந்தார்.

"டீச்சர், அந்த மிஸ் சொன்ன அன்னிக்கி நான் மத்தவங்க மாதிரி ஞாயித்துக்கெழமையோட விட்டிருந்தா, இந்தக் கால் இருந்திருக்குமா, இருந்திருக்காதா? நீங்க படிச்சவங்க. அத மட்டும் சொல்லுங்க."

நடக்காமல் விட்டிருந்தாலும் கால் போயிருக்கும் என்று சொல்லலாம். அப்படியென்றால் நடந்ததில் தப்பில்லை, ஆனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நடக்காமல் இருந்திருந்தால் கால் இருந்திருக்கும் என்று சொல்லலாம். அப்படியென்றால் அவர் வாழ்நாளில் தனக்கென்று செய்த ஒரே காரியம்தான் அவருடைய காலைத் தின்றது. இரண்டில் எது ஒரு மனிதன் வியாழக்கிழமை வரைக்கும் வைத்துக்கொள்ளக்கூடிய பதில்? நான் வாயைத் திறந்தேன். ஜெயம்மா வந்துவிட்டாள். மணியடித்தது, எல்லாரும் வெளியே போகச் சொன்னார்கள். நான் சந்தோஷமாகப் போனேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் பதில் இல்லை. எழுதி எழுதிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன், அதுவும் ஆகவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருந்தால் போய்ச் சொல்லுங்கள். ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கடைசிக் கட்டில். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவு திறப்பார்கள். வியாழக்கிழமைக்கு முன் போங்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.